குரங்குக்குட்டி, பூனைக்குட்டி, அக்கா பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆன்மீகப் பதிவு இல்லை. நாத்திகப் பதிவும் இல்லை. இரண்டு தரப்பிலும் திட்டு வாங்கப்போகிற பதிவு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவன் விலங்கியல் மூன்றாம் வருடம், அதிலும் ஒரு அரியர் பாக்கி. வேதாந்தமும் தெரியாது, பிள்ளை வளர்ப்பும் தெரியாது. இந்தத் தகுதிகளோடு 'நம்பிக்கை' பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்தத் தை மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு ஆள். வந்தபோது அவளுடைய எடை 1 கிலோ 720 கிராம்.

அவளிடம் வருவதற்கு முன்னால் ஒரு குரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஹாஸ்டல் பசங்க ஆறு பேர் பாபநாசம் போயிருந்தோம். தாமிரபரணியில் ஒரு மணி நேரம் ஊறிவிட்டு, படித்துறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் குரங்குகள் சும்மா இருக்குமா? அதில் ஒரு தாய்க்குரங்கு. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. முகத்தைவிடக் காது பெரிதாக இருந்தது. நாங்கள் 'ச்சூ' என்று கையை ஓங்கியதும் அம்மாக்காரி சுவரிலிருந்து மரக்கிளைக்கு ஒரே தாவு. குட்டி என்ன ஆச்சோ என்று எனக்குப் பகீரென்றது. ஒன்றும் ஆகவில்லை. பிடித்த பிடியிலேயே இருந்தது.

"இதுக்குத்தாண்டா எங்க ஆளுங்க எழுநூறு வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றான் பக்கத்தில் இருந்த நண்பன். அவன் நாங்குநேரிக்காரன். வானமாமலை மடத்துக்குப் பக்கத்துத் தெரு. படிப்பது கணக்கு, ஆனால் வைணவத்தில் எங்கே தட்டினாலும் அவனிடம் சத்தம் வரும்.

அவன் சொன்னது இதுதான். மனுஷன் கடவுளிடம் சரணடைகிறான் இல்லையா, அதில் மனுஷனுக்கு ஏதாவது வேலை உண்டா, இல்லையா? வேதாந்த தேசிகர் வழியில் வந்த வடகலையார் உண்டு என்கிறார்கள். குரங்குக்குட்டி மாதிரி நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தாவிக் கரை சேர்ப்பது தாய்தான், ஆனால் பிடி நம்முடையது. பிள்ளை லோகாசாரியார் வழியில் வந்த தென்கலையார் இல்லை என்கிறார்கள். பூனைக்குட்டி எதைப் பிடிக்கிறது? தாய்ப்பூனையே கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது, குட்டி சும்மா கிடந்தால் போதும். இதற்கு மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று பெயர். மர்க்கடம் குரங்கு, மார்ஜாரம் பூனை. ("ரொம்பச் சுருக்கிச் சொல்றேன், பெரியவங்க கேட்டா உதைப்பாங்க" என்பதையும் அவனே சேர்த்துக்கொண்டான்.) காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் இந்த இரண்டு கலைக்காரர்களும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கோர்ட்டுப் படி ஏறியவர்கள். நல்லவேளை, குரங்கையும் பூனையையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

அன்றைக்கு எனக்கு இது ஒரு நல்ல ஜோக்காகத்தான் பட்டது. ஃபோனில் அந்தக் குரங்கை ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வீடியோவுக்குப் பிறகு வேலை வருகிறது.

இனி வீட்டுக்கதை.

அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஐப்பசியில் ஒரு விடியற்காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியில் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டியது பதினாறாம் நாள் நடந்தது. காரியமெல்லாம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, அத்தை ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: "சாஸ்தாவுக்கு நேர்ந்த மொட்டை பாக்கி நிக்குல்லா. சும்மா விடுவாரா?"

விஷயம் என்னவென்றால், அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, பங்குனி உத்திரத்தன்று குலதெய்வம் கோயிலில் பேரனுக்கு முடியிறக்குவதாக அப்பா நேர்ந்திருந்தார். தெற்கத்திக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். கோயில் பெரும்பாலும் காட்டுக்குள்ளோ குளக்கரையிலோ இருக்கும். வருடம் முழுக்கக் காக்காய் மட்டும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அன்றைக்கு வேன் நிறுத்த இடம் கிடைக்காது. முதல் பங்குனிக்கு என் மருமகனுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடுத்த பங்குனிக்கு அத்தானுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றார் அப்பா. ஐப்பசியில் அவரே போய்விட்டார்.

அத்தை அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இப்போது அது எனக்குப் புரிகிறது. அவருக்கும் தம்பி செத்துப்போயிருக்கிறார், ஒரு காரணம் தேவைப்பட்டது. ஆனால் அந்தக் காரணம் போய் விழுந்தது அம்மாவின் தலையில். அன்று ராத்திரியே அம்மா ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் அன்றைக்குத் திருநீறு பூசுவதை விட்டவன்தான்.

"பாக்கிக்கு ஆளைத் தூக்கிட்டுப் போறவனுக்கு நம்ம ஊர்ல வட்டிக்காரன்னு பேரு, சாமின்னு இல்ல" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அம்மா பதில் பேசவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எனக்கும் சேர்த்து.

இந்த நிலைமையில்தான் தை மாதம் அக்காவுக்கு 33 வாரத்திலேயே வலி எடுத்தது. ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் தீரலய்யா" என்றாள். எது தீரவில்லை என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வீட்டில் பார்த்தால் மஞ்சள் துணியில் இரண்டு முடிச்சு.

சின்னவள் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடைக்குறைவான குழந்தை என்று கணக்கு. இவள் அதற்கும் முக்கால் கிலோவுக்கு மேல் குறைவு. கொஞ்ச நாள் வார்மரில் வைத்திருந்தார்கள். பிறகு அக்காவின் நெஞ்சில் கட்டினார்கள். ஆமாம், கட்டினார்கள். கங்காரு முறை என்று நர்சம்மா சொன்னபோது நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பிள்ளைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போட்டு, தவளை மாதிரி கைகாலை மடக்கி, வெறும் நெஞ்சின் நடுவில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மூக்கு அடைபடாமல் தலையை ஒருபக்கம் திருப்பி, துணியால் சுற்றிக் கட்டிவிடுவது. தாயின் உடம்புச் சூடுதான் பிள்ளைக்கு வார்மர்.

இது வந்த கதையும் நன்றாக இருக்கிறது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரே சனாப்ரியா என்கிற டாக்டர் ஆரம்பித்தது. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பற்றாக்குறை. வேறு வழியில்லாமல் தாய்மார்களையே இன்குபேட்டராக்கினார். வழியில்லாதவர்களின் வைத்தியமாக ஆரம்பித்ததை 2022இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடனே ஆரம்பியுங்கள், ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை செய்யுங்கள் என்று எல்லா நாட்டுக்கும் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் தொடரச் சொன்னார்கள். இங்கேதான் சிக்கல். அக்காவுக்குத் தையல் வலி. தூங்காமல் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. அத்தான் பத்து நாள் லீவில் வந்து திரும்பிவிட்டார். அம்மாவுக்கு விடாத இருமல், பிள்ளை பக்கமே வரக்கூடாது. நர்சம்மாவிடம் ஃபோனில் கேட்டால், "தாய்மாமன் இருக்காருல்லா? நெஞ்சைக் கழுவிட்டுச் சட்டையைக் கழட்டிட்டு உக்காரச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது" என்று முடித்துவிட்டார். (நண்பர்களே, சிரித்தது போதும்.)

முதல் பத்து நிமிடம் நான் மூச்சே விடவில்லை. அவள் விட்டாள். ஆனால் ஒழுங்காக விடவில்லை! வேகமாக நாலு மூச்சு, அப்புறம் ஒன்றுமில்லை. ஐந்து எண்ணினேன், ஏழு எண்ணினேன், அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், மறுபடி மூச்சு வந்தது. பிறந்த குழந்தைகளுக்கு இப்படிச் சில விநாடி நின்று நின்று மூச்சு வருவது வழக்கம்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரமும் நம்பிக்கை தேவைப்பட்டது எனக்குத்தான். அவள் பாட்டுக்குத் தூங்கினாள்.

குழந்தையைப் போல் நம்பு என்று எல்லா மதத்துக்காரர்களும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் பிள்ளையைத் தூக்கியதே இல்லை என்று தோன்றுகிறது. அவள் உள்ளங்கையில் என் சுண்டுவிரலை வைத்தேன். ஐந்து விரலும் மூடிக்கொண்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் விலங்கியல் மாணவன். அது என்னை நம்பிப் பிடித்த பிடி இல்லை என்று எனக்குத் தெரியும். பேனாவைக் கொடுத்திருந்தாலும் அப்படியே பிடித்திருப்பாள். பிறவியிலேயே வருகிற அனிச்சைச் செயல் அது, ஐந்தாறு மாதத்தில் போய்விடும். அம்மாவின் ரோமத்தைப் பிடித்துத் தொங்கிய காலத்தின் மிச்சம் என்கிறார்கள். லூயிஸ் ராபின்சன் என்கிற ஆங்கில டாக்டர் 1891இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறந்த குழந்தைகள் சுமார் அறுபது பேரை ஒரு குச்சியைப் பிடிக்கவைத்துத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் குறைந்தது பத்து விநாடி தங்கள் எடையைத் தாங்களே தாங்கித் தொங்கியிருக்கிறார்கள். (தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அந்தக் காலத்துத் தாய்மார்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.)

ஆக, குரங்குப் பிடி நம் கையில் இன்னும் இருக்கிறது. வடகலைக்கு ஒரு மார்க்.

நான் சொல்லவந்தது அடுத்து நடந்தது. அரைமணி நேரத்தில் அவள் ஆழ்ந்து தூங்கிவிட்டாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கை விரிந்து என் விலாவில் சரிந்தது. பிடி விட்டுப்போயிற்று. நான் அவளைக் கீழே போட்டேனா?

கேள்வியே அபத்தமாக இருக்கிறது இல்லையா? பிடி தளர்ந்ததும் நான் செய்தது, துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கியதுதான். உலகத்தில் எந்த முட்டாள் தாய்மாமனும் அதைத்தான் செய்வான். அரியர் வைத்திருக்கிற, திருநீறு பூசாத, ஃபோனில் மூழ்கிக் கிடக்கிற ஒருத்தனுக்கே இது சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரு மொட்டை பாக்கி என்பதற்காக ஒரு மனுஷனை ஆட்டோவில் வைத்துக் கைவிட்டுவிட்ட சாமி என்று ஒருவர் இருந்தால், அவர் என்னைவிடக் கீழே இருக்கிறார். நான் சாஸ்தாவைச் சொல்லவில்லை. அத்தை சொன்ன அந்த வட்டிக்கார சாஸ்தாவைச் சொல்கிறேன். அப்படி ஒருவர் இல்லை என்பது என் கட்சி.

அன்று ராத்திரி அந்தப் பாபநாசம் வீடியோவைத் தேடி எடுத்தேன். அம்மாக்குரங்கு கிளையில் இறங்கி நடக்கிற இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அது மூன்று காலில் நடக்கிறது. நாலாவது கை குட்டியின் முதுகில்! படித்துறையில் ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருத்தன் கண்ணிலும் இது படவில்லை. குட்டி பிடித்திருக்கிறது என்பது சரி. தாயும் பிடித்திருக்கிறது. நண்பனுக்கு வீடியோவை அனுப்பினேன். "தென்கலைக்கு ஒரு குரங்கு கெடச்சிட்டு" என்று பதில் போட்டான்.

ஆனால் தென்கலைப் பூனையும் அவ்வளவு சும்மா கிடக்கவில்லை. எங்கள் வீட்டு விறகு அறையில் மாசி மாதம் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. கண்டுபிடித்தவன் என் மருமகன், மூன்றேகால் வயது. தங்கச்சி வந்ததிலிருந்து அவனை யாரும் கவனிப்பதில்லை என்கிற வருத்தத்தில், முழுநேரமும் விறகு அறை வாசலில்தான் குடியிருப்பு. நானும் அவனோடு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் தாய்ப்பூனை இடம் மாற்ற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு நாய் மோப்பம் பிடித்துவிட்டது போல. முதல் குட்டியின் பிடரியைக் கவ்வியதும், அதுவரை கத்திக்கொண்டிருந்த குட்டி சட்டென்று அடங்கி, பின்னங்காலையும் வாலையும் உள்ளே மடக்கிக்கொண்டது. பார்த்தால் சும்மா கிடப்பது மாதிரிதான். ஆனால் அப்படி அடங்காமல் உதறினால் தாயால் மதில் ஏற முடியாது. குட்டி தன் பங்குக்குத் துணியைச் சுருட்டித் தருவது மாதிரி தன்னையே சுருட்டித் தருகிறது.

நம் பிள்ளைகளும் இதையே செய்கிறார்களாம். ஜப்பானில் குமி குரோடா என்பவரின் குழு 2013இல் ஆராய்ச்சி செய்து வெளியிட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை அம்மா சும்மா உட்கார்ந்து வைத்துக்கொண்டால் அழுகிறார்கள். தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தால் அழுகை குறைகிறது, உடம்பு தளர்கிறது, இதயத் துடிப்பும் குறைகிறது. எலிக்குட்டிகளிடமும் இதேதான். எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படிக்கும் வாசலுக்கும் நான் நடந்த நடையில் நாங்குநேரிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் போதும், சைரன்.

பூனைக் கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு போன பூனை மூன்றாவதற்கு வரவில்லை. அது மூன்றிலும் நோஞ்சான். இருட்டுகிற வரைக்கும் பார்த்தோம்.

"அம்மா பூன வருமா மாமா?"

"வரும்டா."

இங்க் ஃபில்லரில் பால் விட்டோம். துணி சுற்றி வைத்தோம். நான் கங்காரு நிபுணன் அல்லவா, நெஞ்சில்கூட வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் ராத்திரி செத்துப்போயிற்று. அவன் எழுந்திருப்பதற்கு முன்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

"வந்துச்சா மாமா?"

"வந்துச்சுடா. நீ தூங்கிட்டே. தூக்கிட்டுப் போயிட்டு."

அவன் சந்தோஷமாகப் பல் தேய்க்கப் போய்விட்டான். எனக்குத்தான் திண்ணையில் வெற்றிலை மடித்த அத்தையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பதில் இல்லாத இடத்தில் அவர் கையில் கிடைத்ததை வைத்து அடைத்தார். நானும் அதையே செய்தேன். என்னுடையது யார் தலையிலும் விழவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதனால் இயற்கையைப் பார், அதிலே பாடம் இருக்கிறது என்று கையை ஆட்டிச் சொல்கிறவர்களிடம் எனக்கு இப்போது கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. பாடம் இருக்கிறதுதான். இரண்டு குட்டிப் பாடமும் இருக்கிறது, மூன்றாவது குட்டிப் பாடமும் இருக்கிறது. முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பிரசங்கம் பண்ணக்கூடாது.

நண்பனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பூனை விட்டுட்டுப் போறத அந்தப் பெரியவங்க பாக்காமலா இருந்திருப்பாங்க? பாத்துட்டுத்தான்டா சொல்லியிருப்பாங்க. உவமைக்குன்னு ஒரு எல்லை இருக்கு" என்றான். இருக்கலாம். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே எங்க அப்பா இருக்கிறார் என்றேன். அவன் அதற்கு வாதம் எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டான். அந்த மட்டுக்கும் அவன் நல்லவன்.

கங்காருவையும் சொல்லிவிடுகிறேன், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டால் பாவம். சிவப்புக் கங்காரு 33 நாள் கர்ப்பத்தில் ஈனுகிறது. குட்டி ஒரு கிராம்கூட இருக்காது, கண் திறக்காது, பின்னங்கால் வெறும் மொட்டு. தாய் அதைத் தூக்கிப் பைக்குள் போடுவதில்லை. அதுவே முன்னங்கைகளால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றிச் சில நிமிடத்தில் மேலே ஏறிப் பைக்குள் விழுகிறது. அதுவரைக்கும் குரங்கு. விழுந்த பிறகு மாதக்கணக்கில் பை அதை வைத்துக்கொள்கிறது. அப்புறம் பூனை. எழுநூறு வருடத்துக்கு முன்னால் நம் ஆச்சாரியர்கள் யாராவது ஆஸ்திரேலியா பக்கம் போய் வந்திருந்தால் மூன்றாவதாக ஒரு கலை வந்திருக்கும்.

ஆனால் எனக்கு ரொம்ப யோசனையைக் கொடுத்தது இதில் எதுவுமில்லை. என் மருமகனுடைய ஒரு விளையாட்டு. மாடிப்படியின் நாலாவது படியிலிருந்து என்மேல் குதிப்பான். முதலில் குதித்துவிட்டு, அந்தரத்தில் இருக்கும்போதுதான் "மாமா, பிடி!" என்று கத்துவான். பிடிப்பேனா என்கிற கேள்வியே அவனுக்கு இல்லை. மாசிக் கடைசியில் ஒருநாள் நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை. தாடையில் இரண்டு தையல்.

ரத்தம் ஒழுக அழுதுகொண்டே அவன் ஓடி வந்து யார் காலைக் கட்டிக்கொண்டான் என்று நினைக்கிறீர்கள்? அக்கா பக்கத்தில்தான் நின்றாள், அவளிடம் போகவில்லை. விட்டவனிடமே வந்தான். அடிக்கவும் செய்தான், கட்டிக்கொண்டும் அழுதான், இரண்டையும் ஒரே நேரத்தில்.

தையல் பிரித்த மறுநாளே நாலாவது படியில் போய் நின்றான். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஆனால் உடனே குதிக்கவும் இல்லை. என் இரண்டு கையையும் பார்த்தான். "ஃபோன் எங்க?" என்றான். சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். அப்புறம் குதித்தான்.

இப்போதெல்லாம் தினமும் இப்படித்தான். கேட்டுவிட்டுத்தான் குதிக்கிறான். கேட்பதால் அவனுக்கு என்மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சந்தேகமே இல்லாமல் குதித்தது விழாதவனின் நம்பிக்கை. இது விழுந்தவனுடையது. கேள்வி கேட்காமல் நம்பு, நம்பினவன் கேட்கமாட்டான் என்கிறவர்களை ஒருநாள் எங்கள் மாடிப்படிக்குக் கூட்டிவர ஆசை. அம்மாவிடம் வட்டிக்காரன் என்று நான் கத்தியதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று சில சமயம் தோன்றும். சேர்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன். கோபம் வருவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

பங்குனி பிறந்தது. சின்னவள் இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டாள், என் நெஞ்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒருநாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "முடியிறக்கும்போது மடியில வச்சிக்கிடத் தாய்மாமன் வேணும்லாய்யா. நீ வரமாட்டேன்னா சித்தப்பா மகன வரச் சொல்லணும்."

போன வருடமே, என்றைக்கானாலும் இந்த மொட்டைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பாக்கியைக் கட்டப் போனால் அப்பா அதற்காகத்தான் செத்தார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது என் வாதம். இப்போதும் அந்த வாதம் தப்பில்லை. ஆனால் அப்பா நேர்ந்தபோது அது கடன்பத்திரம் இல்லையே. பேரனை முழுங்கைக்குள் வைத்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல், யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்து சொன்ன ஒரு வார்த்தை. அதைக் கடனாக்கியது பின்னால் வந்த நாங்கள்தான். "நானே வாரேன்" என்றேன். "ஆனா ஒண்ணு. அப்பா போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நீ ஒத்துக்கிடணும்." அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சின்னவ பொறந்ததுக்கும் இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதாள். இரண்டாவது முடிச்சு எவ்வளவு கனமாக இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உத்திரத்தன்று வேனில் பதினாலு பேர். கோயில் குளக்கரையில், தண்ணீர் இல்லாத குளம். எங்கு பார்த்தாலும் பொங்கல் அடுப்பு, புகை. அத்தையும் வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் என்னை உட்காரவைத்து மருமகனை மடியில் கொடுத்தார்கள்.

"தலை ஆடாமப் பிடிங்க தம்பி" என்றார் முடி எடுக்கிறவர்.

பிடித்தேன். கத்தியைப் பார்த்ததும் ஆரம்பித்தான் பாருங்கள்! உதைத்தான், கடித்தான், "மாமா கெட்ட மாமா, விடு, விடு" என்று குளம் முழுக்கக் கேட்கக் கத்தினான். என் சட்டையின் இரண்டு பொத்தான் போயிற்று. விடு விடு என்றவன், கத்தி படும்போதெல்லாம் முகத்தைக் கொண்டுவந்து புதைத்தது என் அக்குளில்தான். அவனை அப்படி அசையவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறவனும் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

எல்லாம் முடிந்து தலையில் சந்தனம் பூசினார்கள். அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து இரண்டு காசையும் உண்டியலில் போட்டாள். அத்தை வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். நான் துடைக்கவில்லை. துடைக்காததற்கு என்ன அர்த்தம் என்று நண்பன் கேட்டான், எனக்கும் தெரியாது, விடு என்றேன்.

மருமகன் தன் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேனில் ஏறும்போது கேட்டான்.

"முடி திரும்ப வருமா மாமா?"

"வரும்டா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் மடியில் ஏறித் தூங்கிவிட்டான்.

சரி, வியாழக்கிழமை செமஸ்டர். இன்னும் ஒரு யூனிட்கூடப் புரட்டவில்லை.